புகை போடாத விஸ்கி

விருத்தாசலத்தில் மண்ணைத் தின்று பெரிய ஆளானவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் மண்ணை விற்றார்கள், பிசைந்தார்கள், சுட்டார்கள். நான் தின்றேன். ஏழாம் வகுப்பை முடிக்காமல் பீங்கான் தொழிற்பேட்டைக்குள் மண் மிதிக்கும் கூலியாகப் போனவன், சொந்த ஷெட், சொந்தச் சூளை, வாசலில் கார் என்று வளர்ந்ததற்குக் காரணம் என் வாய். பேசுகிற வாயைச் சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கொஞ்சம் உண்டு, ஆனால் நான் சொல்வது நாக்கை.

லாரியில் வரும் வெள்ளை மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் கடிப்பேன். மணல் இருந்தால் பல் சொல்லிவிடும். சுண்ணாம்பு இருந்தால் நாக்கு சொல்லும். கரி இருந்தால் புகை வாசனை பிடித்து மூக்கு சொல்லும். முதல் வேக்காடு முடிந்து, மேலே பளபளப்புப் பூச்சு போடாத கப்பை நாக்கில் ஒட்டிப் பார்ப்பேன். கப்பு நாக்கைக் கவ்விப் பிடித்தால் பூச்சு குடிக்கும். நழுவினால் வேக்காடு மிஞ்சிவிட்டது, பூச்சு நிற்காது. பரிசோதனைக்கூடத்தில் கோட்டு போட்டவர்கள் ஒரு வாரம் வைத்துப் பார்த்துச் சொல்வதை நான் எச்சில் காய்வதற்குள் சொல்வேன். பேட்டையில் யார் மண் வாங்கினாலும், "அண்ணன் வாயில வெச்சாச்சா?" என்று கேட்காமல் தார்ப்பாயை அவிழ்க்க மாட்டார்கள். இது நடந்த காலத்தில் எனக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஆனால் நாக்குக்கு நரை ஏது என்ற எண்ணம்தான்.

அந்த வருஷம் மண்ணுக்குத் தட்டுப்பாடு. கம்மாபுரத்துப் பக்கம் ஒருவர் தன் நிலத்தில் கிணறு ஆழப்படுத்தும்போது வெள்ளை மண் ஏகமாக வந்து விழுந்திருக்கிறது. எங்களில் ஐந்தாறு யூனிட்காரர்கள் சேர்ந்து மொத்தமாக எடுக்கலாம் என்று பேசினோம். ஆனால் அந்தப் பக்கத்து மண்ணில் ஒரு வில்லங்கம் உண்டு. கீழே பழுப்பு நிலக்கரி படுத்திருக்கிற பூமி அது. மண்ணோடு கண்ணுக்குத் தெரியாமல் கரி கலந்திருந்தால், சுடும்போது உள்ளே காற்று கட்டி, பீங்கானில் செய்கிற கரண்ட் ஃபியூஸ் கட்டை எல்லாம் அம்மை போட்ட மாதிரி கொப்பளித்துவிடும். ஒரு சூளை சரக்கு மொத்தமும் குப்பை. நிலத்துக்காரர் திங்கட்கிழமை காலை முதல் லாரியோடு வருகிறேன், அப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஊர்க்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். ஒரு கட்டை சுட்டுப் பார்க்கக்கூட நேரம் இல்லை. அதனால் என்ன, அண்ணன் இருக்கிறார் என்று எல்லோரும் நிம்மதியாகப் போனார்கள். நானும் நிம்மதியாகத்தான் போனேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. கப்பலில் ஆபீசர்களுக்குச் சாப்பாடும் மதுவும் பரிமாறுகிற வேலை. ஆறு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. நாங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தபோது கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு பாட்டில்.

"மாமா, இதுவரைக்கும் நீங்க குடிச்சதெல்லாம் குடியே இல்ல" என்றான்.

நான் ஒன்றும் குடிகாரன் இல்லை. ஆனால் விஷயம் தெரிந்தவன். கவர்மெண்ட் கடை பிராந்தியில் தண்ணீர் விட்டிருந்தால் மூடியைத் திறந்ததுமே சொல்வேன். அதோடு, மெட்ராஸிலிருந்து கப்பு வாங்க வந்த ஒரு பெரிய வியாபாரி, அசல் ஸ்காட்ச் என்றால் புகை வாசனை அடிக்கும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதை மனதில் போட்டு வைத்திருந்தேன். புகை என்றால் எனக்குப் பாடமா எடுக்க வேண்டும்? பழுப்பு நிலக்கரி போட்ட சூளை வாயில் பாதி வயசைக் கழித்தவன் நான். எண்ணெய்ச் சூளை வந்ததெல்லாம் பிறகு.

என் யூனிட் கப்பில் ஊற்றச் சொன்னேன். முடியாது, கண்ணாடிதான் வேண்டும், நிறம் பார்க்கணும் என்று அக்காவின் ஷோகேஸிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்துத் துடைத்தான். அவள் சமையலறையிலிருந்தே, உடைத்தால் கப்பலுக்குத் திரும்பிப் போகமாட்டாய் என்று சத்தம் போட்டாள். அவன் டம்ளரின் அடி நனைகிற அளவுக்கு ஊற்றினான்.

"கோழிக்கு மருந்தா ஊத்துற?"

"இது குடிக்கிறதுக்கு இல்ல மாமா. பாக்கிறதுக்கு."

"பாக்கிறதுக்குன்னா ஷோகேஸ்லயே வெச்சிருக்கலாமே."

அவன் அதைக் காதில் வாங்காமல் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். வைக்கோல் ஊறிய தண்ணீரின் நிறம். சாய்த்து நிமிர்த்தினான். உள்சுவரில் கோடு கோடாக மெல்ல வழிந்தது. இதை நான் தினமும் பார்க்கிறேன். பூச்சுத் தொட்டியில் முக்கி எடுத்த கப்பின் மேல் இப்படித்தான் வழியும். வேகமாக வழிந்தால் பூச்சு தண்ணி, நின்று வழிந்தால் பதம். பதமான சரக்கு என்றேன். மச்சான் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தான். எனக்கு உள்ளே குளிர்ந்தது.

பிறகு மோந்து பார்க்கச் சொன்னான். மூக்கை உள்ளே விடக்கூடாதாம். விளிம்புக்கு மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, பூவை மோப்பது போல. அவன் சொன்னபடி செய்தேன். முதலில் கண்ணில் சுருக்கென்றது. இரண்டாவது தடவை வந்தது. சந்தேகமே இல்லை.

"வந்துருச்சு மச்சான். புகை. என்னா புகை. பழைய சூளையில ஈரக் கரியப் போட்டு மூட்டும்போது வரும் பாரு, அதே புகை. இதுதான் அசல் ஸ்காட்ச்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அடித்திருப்பேன். தன் டம்ளரை மோந்தான். என் டம்ளரை வாங்கி மோந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மாமா, இதுல புகையே கிடையாது."

எனக்கு இங்கிலீஷ் வராது என்று அவனுக்குத் தெரியும். அதனால் பாட்டிலைத் திருப்பி, அட்டையில் இருந்த எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டிக் காட்டினான். புகை போடாதது என்று அதில் போட்டிருக்கிறதாம். அந்த எழுத்து தெரியாதவனுக்கு விரல் என்ன, கம்பு என்ன. விளக்கு என்றேன். விளக்கினான். பார்லியை நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டுவது போல முளைகட்டுவார்கள். முளையை நிறுத்த அதை உலர்த்த வேண்டும். சில ஊரில் சதுப்பு நிலத்திலிருந்து ஒருவிதக் கறுப்பு மண்ணை வெட்டி, காயவைத்து, அதை எரித்து அந்தப் புகையில் உலர்த்துவார்கள். அந்த வாசனை தானியத்தில் ஏறி, சாராயம் வரைக்கும் வரும். இந்தப் பாட்டில்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. சூடான காற்று மட்டும்.

"எரியிற மண்ணா? நம்ம கம்மாபுரம் பக்கம் தோண்டுறாங்களே, அந்தக் கரி மாதிரியா?"

"அதுக்குத் தம்பி முறைன்னு வெச்சுக்கங்க."

எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. பழைய சூளையில் கப்பை அப்படியே அடுக்கினால் புகை பட்டுக் கறுத்துவிடும். அதனால் மண் பெட்டிக்குள் வைத்து மூடி அடுக்குவோம். சூடு உள்ளே போகும், புகை போகாது. இந்த விஸ்கியும் அப்படித்தான், பெட்டிக்குள் வைத்துச் சுட்ட சரக்கு. ஆகவே இதில் புகை இருக்க நியாயம் இல்லை. எல்லாம் புரிந்தது. ஆனால் புகை வாசனை மட்டும் போகவில்லை.

மச்சானை யாரோ ஏமாற்றி வேறு சரக்கை அடைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் மூடியின் சீல் என் கண் முன்னால்தான் உடைந்தது. சரி, காலையில் பூசையில் சாம்பிராணித் தூபம் முன் வரிசைக்கே வந்தது, அதுதான் சட்டையில் ஒட்டியிருக்கிறது என்று சட்டையைக் கழற்றிப் போட்டு, பனியனோடு மோந்தேன். புகை. மீசையாக இருக்கும் என்று பின்கட்டுக்குப் போய் முகத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவி வந்தேன். இப்போது சோப்பும் புகையும்.

"கொஞ்சம் தண்ணி விட்டா வாசனை விரியும் மாமா" என்று ஸ்பூனால் இரண்டு சொட்டு விட்டான். "இப்ப குடிங்க. முழுங்காதீங்க. நாக்கு மேல உருட்டுங்க."

உருட்டினேன். நான் பொய் சொல்ல மாட்டேன், அது ஒரு உருப்படியான சரக்குதான். முன் நாக்கில் தேன் மாதிரி ஒன்று. பிறகு நன்றாகப் பழுத்த முந்திரிப்பழம். கடையில் வைத்தது இல்லை, எங்கள் பக்கத்துத் தோப்பில் அப்போதுதான் விழுந்து வெயில் பட்டது. அந்தப் பழத்தின் காறல்கூட ஓரத்தில் லேசாக இருந்தது. அதற்குப் பின்னால் முளைகட்டி வறுத்த கேழ்வரகு மாவு. பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சும் வீட்டில் வருமே, அது. விழுங்கிய பிறகும் நெஞ்சில் ஒரு சூடு உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுத்தது. கடை பிராந்தி அடித்துவிட்டு ஓடும். இது வந்து உட்கார்ந்து குசலம் விசாரித்தது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மச்சான் தலையை ஆட்டினான். தேன் சரி என்றான். முந்திரிப்பழத்தை வெள்ளைக்காரன் பேரிக்காய் என்பான், அதுவும் சரி என்றான். கேழ்வரகு ரொம்பச் சரி என்றான். எல்லாவற்றிலும் பாஸ்.

"அதுக்கெல்லாம் பின்னால புகை நிக்குது மச்சான்."

"நிக்கல மாமா."

அவன் அக்காவைக் கூப்பிட்டோம். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, இந்தக் கருமத்தை நான் ஏன் மோக்கணும் என்று முகத்தைச் சுளித்துவிட்டு மோந்தாள். அவள் இதற்கு முன் விஸ்கி வாசனையைக் கிட்டத்தில் பார்த்தவள் இல்லை.

"கேக்குக்குப் போடுற எசன்ஸு மாதிரி இருக்குது."

"புகை வரலியா?"

"புகையா?" அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். பிறகு தம்பியிடம் திரும்பிப் பேசினாள். "கல்யாணமான நாள்லேருந்து பால் அடிபிடிச்சிருக்குது, பால் அடிபிடிச்சிருக்குதுன்னு டீயத் தள்ளி வெக்கிறாரு. நானும் பாத்திரத்த மாத்தினேன். அடுப்ப மாத்தினேன். மாட்டக்கூட மாத்தினேன்டா. இப்பத்தான் தெரியுது."

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். புகை சட்டையில் இல்லை, மீசையில் இல்லை, பாட்டிலிலும் இல்லை என்றால், இனி அது இருக்க ஒரு இடம்தான் பாக்கி. அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் நாளைக் காலையில் ஐந்தாறு குடும்பத்துக்கு மண் பார்க்கப் போகிறேன். அதுவும் கரிப்புகை வாசனை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க.

சாயங்காலம் முழுக்க வீட்டில் இருந்ததையெல்லாம் மோந்தேன். எலுமிச்சம்பழம், எலுமிச்சை வாசனை அடித்தது. பின்னால் புகை. கறிவேப்பிலை, அதேதான். தலையணை, அதேதான். கிணற்றுத் தண்ணீரை மோந்தபோது வெறும் புகை. இத்தனை வருஷம் இது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசித்தேன். எப்போதும் இருக்கிற ஒன்றை யார் கவனிப்பார்கள் என்று தோன்றியது. அப்படியானால் இன்றைக்கு மட்டும் ஏன் தெரிகிறது? மச்சான் கற்றுக்கொடுத்த மாதிரி வாயைத் திறந்து மோந்ததாலா? அல்லது அவன் இல்லை என்று சொன்னதாலேயே எனக்கு இருக்கிறதா? மாற்றி மாற்றி யோசித்ததில் நெற்றி வலித்தது. அன்று கறிக்குழம்பு எப்படி இருந்தது என்று அவள் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை.

திங்கட்கிழமை லாரி வந்து நின்றது. நிலத்துக்காரர் இறங்கினார். எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேரும் நின்றார்கள். பொம்மை யூனிட் வைத்திருக்கும் ஒருவர், என்னைவிட வயதில் சின்னவர், எப்போதும் என் பக்கத்தில் நின்று நான் செய்வதைக் கூர்ந்து பார்ப்பார். அவர்தான் ஒரு கட்டி மண்ணை எடுத்து என் கையில் வைத்தார்.

கடித்தேன். மணல் இல்லை, வெண்ணெய் மாதிரி இருந்தது. நாக்கில் சுண்ணாம்பும் இல்லை. இந்த இரண்டிலும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அடுத்தது மூக்கு.

மண்ணை உள்ளங்கையில் உடைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் கேட்டேன். இதுவரை நான் தண்ணீர் கேட்டதில்லை. ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, மேலாக மோந்தேன். முதல் மழை வாசனை வந்தது. அதற்குப் பின்னால், ஆமாம், புகை.

அந்த இடத்தில் என் தலைக்குள் நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை. புகை என்னுடையது என்றால் மண் சுத்தம், எடுக்கலாம். புகை மண்ணுடையது என்றால் சூளை நாசம், விட வேண்டும். இரண்டும் என் மூக்குக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அப்புறம் ஒன்று தோன்றியது. மண்ணில் கரி இருந்தால் அதன் புகையும் என் புகையும் சேர்ந்து இரண்டு பங்காக அல்லவா அடிக்க வேண்டும்? இது நேற்று முந்திரிப்பழத்துக்குப் பின்னால் நின்ற அளவுதான் நிற்கிறது. கிணற்றுத் தண்ணீரில் இருந்த அளவு. தலையணையில் இருந்த அளவு. அப்படித்தான் பட்டது. ஆனால் நேற்றைய அளவு இன்றைக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறதா? விஸ்கியில் ஒரு மடக்கு கொண்டுவந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன். காலை ஒன்பது மணிக்கு, பேட்டையில், எல்லோர் முன்னாலும்.

"சொல்லுங்க, லாரிக்காரன் நிக்கிறான்" என்றார் நிலத்துக்காரர்.

"எடுங்க" என்றேன்.

பொம்மை யூனிட்காரர் கேட்டார். "வாசனை எப்படிண்ணே இருக்குது?"

"புகை வாசனை வருது."

"வருதா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்புறம் எதுக்குண்ணே எடுக்கணும்?"

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் மச்சானில் ஆரம்பித்து, பாட்டில், சோப்பு, அடிபிடித்த பால் வரைக்கும் சொல்ல வேண்டும். ஒரு மனிதன் சொல்லக்கூடிய விஷயமா அது?

"வருது. அதனாலதான் எடுக்கச் சொல்றேன்."

நான் சொல்லி யாரும் மீறியது கிடையாது. தார்ப்பாயை அவிழ்த்தார்கள். சூளையில் சூடு ஏற்றி, இறக்கி, ஆறவைத்துத் திறக்கும் வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. மச்சான் கேட்டதற்கு வாய்ப்புண் என்றேன்.

திறந்த அன்று எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் ஃபியூஸ் கட்டையை நான்தான் எடுத்தேன், சூடு பொறுக்கவில்லை, கை மாற்றிக்கொண்டே பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. சுத்தியால் உடைத்தேன். உள்ளே உடைந்த இடம் தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. இப்படி ஒரு மண் பேட்டைக்கு வந்ததே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அண்ணன் நாக்குக்குத் தங்கக் காப்பு போடணும் என்றார் ஒருவர். நாக்குக்குக் காப்பு எங்கே போடுவாய் என்று நான் கேட்டேன், சிரித்தார்கள். பாராட்டை வாங்கிக்கொள்ள நான் எப்போதும் கூச்சப்பட்டதில்லை. அன்றும் படவில்லை. ஆனால் எதற்காகப் பாராட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கண்டுபிடித்தேனா, தப்பித்தேனா?

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில மாதம் கழித்து, சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரியாமல் ஒரு லோடு மண் பொம்மை யூனிட்டுக்கு வந்திருக்கிறது. மறுநாள் அவர் ஒரு கட்டி மண்ணைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார். முகத்தில் ஒரு பெருமை.

"அண்ணே, நீங்க செய்யிற மாதிரியே செஞ்சேன். தண்ணி ரெண்டு சொட்டு வுட்டு, வாயத் தொறந்து வெச்சுக்கிட்டு. புகை வாசனை கொஞ்சங்கூட வரல. திருப்பி அனுப்பிட்டேன். சரிதானே?"

மண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, பால் மாதிரி மண். பல்லில் கடித்தேன், மாவு. லாரி அதற்குள் எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். நேற்றே போய்விட்டது என்றார். இப்போது பேட்டையில் மற்றவர்களும் புகை வாசனை வந்தால்தான் மண் எடுக்கிறார்களாம், அவர்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நீங்களும் ஒரு தடவை பாருங்கண்ணே என்று மண்ணை என் மூக்குக்கு நேராக நீட்டினார். மோந்து பார்த்தேன். எனக்குப் புகை நன்றாகவே வந்தது. அவர் பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.